பாதியாகக் குறைத்த மாத்திரை

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் வீட்டுக்காரருக்கு இரண்டு வருடமாக டயாலிசிஸ். ஊசி போட்டும் ரத்த அளவு ஏறவில்லை. கழுத்துக்குள் பாராதைராய்டு சுரப்பி வீங்கி எலும்பை அரித்துக் கால்சியத்தை ரத்தத்தில் கொட்டுகிறது, ரத்த அளவையும் ஏறவிடவில்லை என்று ஆபரேஷன் செய்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கால்சியம் மாத்திரை வேளைக்கு நான்கு கொடுக்கச் சொன்னார்கள். ரத்தத்தில் கால்சியம் கூடியதால்தானே இந்தக் கதி என்று எனக்குப் பயம். ஐந்தாவதோடு நின்றவள், கேட்கவும் கூச்சம். நானாகவே இரண்டாகக் குறைத்தேன்.

மூன்றாம் நாள், "ஏளா, உதடு மரத்துப்போச்சு. விரலு நிமிர மாட்டேங்குது" என்றார்.

ஆஸ்பத்திரியில், கால்சியம் ரொம்பக் குறைந்துவிட்டது என்று மருந்து ஏற்றிக்கொண்டே நர்ஸ், "மாத்திரைய ஒழுங்கா குடுத்தியளா?" என்று என்னைக் கேட்டார்.

"அவ நாலுதான் குடுத்தா. நாந்தான் ரெண்டத் துப்பிட்டேன்" என்றார் இவர்.

"உசிரோட விளையாடுதீரா?" என்று நர்ஸ் அவரைத் திட்டித் தீர்த்தார்.

விரல்கள் மெல்ல நிமிர்ந்தன. அவர் திட்டு வாங்கிய அவ்வளவு நேரமும் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.