துணிக்கு அடியில் ஓர் இருமல்

செட்டியார்பட்டியில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் இசக்கியம்மாளுக்குத்தான் ஆள் போகும். பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் நூல் சுற்றுவது அவள் பிழைப்பு. ஒப்பாரி பிழைப்பில்லை, ஊருக்குச் செய்கிற முறை. அவள் தலைமாட்டில் உட்கார்ந்து வாயைத் திறந்தால்தான் மற்றப் பெண்களுக்கு அழுகை கூடிவரும். ஆனால் அதில் அவளுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பிணம் கிடக்காத வீட்டில் ஒரு வரி பாடமாட்டாள். தறிக்கூடத்தில் ஒருத்தி விளையாட்டுக்குப் பாடிக்காட்டச் சொன்னபோது, "ஏட்டி, போய் வாயக் கழுவிட்டு வா" என்று விரட்டியவள்.

அப்பேர்ப்பட்டவளைத்தான், உண்மையைக் காட்ட வந்தோம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள், உயிரோடு இருந்த புருஷனுக்கே ஒப்பாரி வைக்கவைத்துவிட்டுப் போனார்கள்.

புருஷன் தவசிமுத்துவுக்கு ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை. பஞ்சுப் பொதியை உடைத்து உதறுகிற புளோரூமில் நின்று நின்று, வெளியே வரும்போது புருவம்கூட வெளுத்திருக்கும். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வார லீவு முடிந்து மில்லுக்குள் கால் வைக்கிற அன்றைக்கு இருமல் பிய்த்து எடுக்கும். மில் டாக்டர், "பீடியைக் குறை" என்றார். பீடியைக் கையால் தொட்டறியாத மனுஷனைப் பார்த்துச் சொன்னார். இசக்கியம்மாள் பெரிதாக எதற்கும் ஆசைப்படவில்லை. இது பஞ்சு கொடுத்த வியாதி என்று மில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் தூசியில்லாத பக்கம் வேலையை மாற்றுவார்கள், மதுரையில் வைத்தியமும் பார்ப்பார்கள். புருஷன் பிழைத்துக்கிடப்பான்.

எண்பத்தெட்டில் மெட்ராசிலிருந்து டாக்குமெண்டரி எடுக்கிறவர்கள் வந்தார்கள். யூனியன் தனுஷ்கோடிதான் கூட்டிவந்தான். டைரக்டர் தாடி வைத்தவர், குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். மில் வாசல், ஷிப்டு விட்டு வருகிற கூட்டம், தவசிமுத்து இருமிக்கொண்டே சைக்கிள் தள்ளுவது எல்லாம் எடுத்தார்கள். அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனால் படத்துக்கு முடிவு வேண்டுமாம். போன மாதம் இதே இருமலில் செத்தவன் வீட்டில் கேட்டுப்பார்த்தார்கள், அவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

"அம்மா, பொய் எதுவும் காட்டலை. நடந்ததைத்தான் திரும்ப நடத்திக் காட்டுறோம்" என்றார் டைரக்டர். "உங்க வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் படுத்திருக்கட்டும். நீங்க பாடுங்க. இதைப் பார்த்தா மேலிடத்துலேருந்து ஆபீசர்கள் வந்தே ஆகணும்."

"உசிரோட இருக்கவுகளுக்கு எப்படிய்யா பாட? நாக்கு அழுகிப்போகும்."

தவசிமுத்துதான் காரியத்தைக் கெடுத்தான். "ஏட்டி, என்னைக்கிருந்தாலும் கிடக்கப் போறவன்தானே. ஆபீசர் வந்தா நமக்குத்தான நல்லது? செத்த நேரம் கெடந்தா என்ன கொறஞ்சு போவேன்?" என்றான். டிவியில் வருகிற ஆசையும் அவனுக்கு இல்லாமலில்லை.

அவள் தாலியை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டாள். பொட்டை அழிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவனை முற்றத்தில் கிடத்தி, கழுத்துவரை வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள். அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். பிறகு அந்த மூடிய கண்களைப் பார்த்தாள். இது நடக்கத்தானே போகிறது என்று நினைத்த மாத்திரத்தில் அடைத்து வைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது.

"பொழுது விடியுமுன்னே
போனீகளே மில்லுக்கு
மூச்சை அங்க விட்டுப்புட்டு
முழுசாத் திரும்பலையே..."

கேமரா பிடித்தவன்கூடக் கண்ணைத் துடைத்தான். அப்போது பிணம் இருமியது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தவசிமுத்துவே எழுந்து உட்கார்ந்து சிரித்தான். மறுபடி கிடத்தினார்கள், மறுபடி இருமினான். அடுத்த தடவை டைரக்டர் அவளிடம் குனிந்து, "முதல்ல அழுதீங்களே, அதே மாதிரி அழுங்கம்மா" என்றார். முதலில் அழுதது நிஜம் என்பது அந்த ஆளுக்கு எட்டவேயில்லை. அவள் தனக்குத் தெரிந்த எல்லா வரிகளையும், தன் புருஷனுக்கென்று எந்தப் பெண்ணும் மனசின் அடியில் ஒளித்து வைத்திருக்கிற வரிகளையும்கூட, அங்கே கொட்டிவிட்டாள்.

தோஷம் கழிக்க அடுத்த சனிக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கிருந்து பக்கத்திலேயே பெருமாள் இருக்கிற குன்றுக்கு, அந்தப் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் போனாள். பெருமாள் சந்நிதியில் தாலிக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வதாக வேண்டுதல். தவசிமுத்து பாதிப் படிகூட ஏறவில்லை. படிக்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண் பிதுங்க, மூச்சுக்குத் தவித்தான். ஏறி வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். மேலே போகாமல் அங்கேயே உட்கார்ந்து தானே கயிற்றை மாற்றிக்கொண்டாள். மனுஷனின் வியாதியை மூடிமறைக்காமல் காட்டிய இடம் அந்தப் படிக்கட்டுதான். அதைப் படம்பிடிக்க ஒரு நாதி இல்லை.

மறு வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் படம் வந்தது. தெருவில் டிவி இருந்தது மெகராஜ் பேகம் வீட்டில். தெருவே அங்கே கூடிவிட்டது. இசக்கியம்மாள் பாடுகிற இடம் வந்ததும் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். "தவசிமுத்து இன்று நம்மிடையே இல்லை" என்றது டிவிக்குள்ளிருந்து ஒரு கனத்த குரல். தவசிமுத்து பின்னால் உட்கார்ந்து வறுகடலை தின்றுகொண்டிருந்தான். அழுதவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், மறுபடி திரும்பி அழுதார்கள். சனங்களுக்கு இரண்டும் ஒரே ருசிதான்.

டைரக்டர் சொன்னபடி ஆபீசர்கள் வரத்தான் செய்தார்கள். மில் மேனேஜர் அவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, "படத்துல செத்துப்போனவனைப் பார்க்கணுமா? எங்க புளோரூம்லதான் நிக்கிறான்" என்று சொல்லி ஆள் அனுப்பினார். தவசிமுத்து தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனான். பெரிய ஆபீசர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லா இருக்கியாப்பா?"

பெரிய மனுஷர் கேட்டால் நம் சனங்கள் வேறு என்ன சொல்வார்கள்? நெஞ்சில் முட்டிய இருமலை விழுங்கிக்கொண்டு, "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்யா" என்றான்.

அதோடு முடிந்தது. செத்தவன் சாகவில்லை, அதனால் வியாதியும் பொய், படமும் பொய், யூனியனும் பொய். மற்றவர்களின் இருமலும் அந்த ஒரு வார்த்தையில் அடிபட்டுப் போயிற்று.

"நோயாளின்னு சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?" என்று அன்றைக்கு அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அம்புட்டு மரியாதையாக் கேக்காவ. மொகத்துக்கு நேரா எப்படிட்டி நல்லா இல்லைன்னு சொல்ல?" என்றான். சொல்லிவிட்டு நெடுநேரம் இருமினான்.

படத்துக்கு எங்கோ பரிசு கிடைத்ததாகத் தனுஷ்கோடி வந்து சொன்னான். அவனை உட்காரச் சொல்லாமலே அனுப்பினாள்.

தொண்ணூற்றொன்றில் தவசிமுத்து நிஜமாகவே செத்தான். அதே முற்றம், அதே மாதிரி வெள்ளைத் துணி. பெண்கள் சுற்றி உட்கார்ந்து அவள் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்கள். இசக்கியம்மாளுக்கு ஒரு வரி வரவில்லை. வருகிறதெல்லாம் ஏற்கெனவே பாடியதாக இருந்தது. பாடினால் இப்போதும் அவன் எழுந்து உட்கார்ந்து சிரிக்க வேண்டும். சிரிக்கமாட்டான் என்று தெரிந்தது. 

"டிவியில என்னமா அழுதா! கட்டுன புருஷனுக்கு ஒரு சொட்டு வரலையே" என்று பின்னால் ஒருத்தி சொன்னது அவள் காதிலும் விழுந்தது. அதன் பிறகு எந்தச் சாவுக்கும் அவளைக் கூப்பிட ஆள் வரவில்லை. கூப்பிட்டாலும் அவள் போயிருக்கமாட்டாள்.

தெருவுக்குக் கேபிள் வந்த பிறகு, தொண்ணூற்றேழு வாக்கில், ஒரு மத்தியானம் மெகராஜ் பேகம் ஓடிவந்தாள். "யக்கா, ஒங்க படம் மறுபடி ஓடுது, வாங்க." வேண்டாம் என்றுதான் நினைத்தாள், கால் கேட்கவில்லை. அந்தத் தெருவுக்கு வாழவந்த புது மருமகள்கள் டிவியைச் சுற்றி உட்கார்ந்து, அவள் குரலுக்குத் தேம்பிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அழுகிறவளைப் பார்த்தார்கள். இசக்கியம்மாள் துணியைப் பார்த்தாள். அவன் நெஞ்சுக்கு மேலே அது மெல்ல ஏறி இறங்கியது. செத்த நேரம் நின்றது. பிறகு படபடவென்று நடுங்கியது.

அவளுக்கு ஆறு வருஷமாக வராத அழுகை வந்தது.

"அழாதீங்கட்டி" என்றாள், முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு. "அவிய சாகலை. எனக்காக இருமலை அடக்கிக்கிட்டுக் கிடக்காவ, பாருங்க."