டெஸ்மண்ட் போட்ட குழாய்

டெஸ்மண்ட் ஃபர்த் எங்கள் தெருக்காரர். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் முப்பது வருடமாக, வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர்களை மாட்டுகிறார், பழுது பார்க்கிறார். வேலை முடிந்ததும் தரையைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்புவார். சுத்தமான வேலைக்காரர் என்று பெயர்.

அந்த ஜனவரியில் மூன்று நாள் உறைபனி விடவே இல்லை. நோரீன் சக்டன் போன் செய்தார். எழுபத்தொன்பது வயது, தனியாக இருப்பவர். டெஸ்மண்ட் போனபோது அந்தம்மா கோட்டும் தொப்பியுமாகச் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்.

"பத்தவே மாட்டேங்குது, கண்ணு. டிக் டிக்னு அடிக்குது, குடகுடன்னு தண்ணிச் சத்தம் கேக்குது, அப்புறம் சிவப்பு லைட் எரிஞ்சு நின்னுடுது."

"முன்னாடி இப்படி ஆகியிருக்கா?"

"வருஷா வருஷம் ஆகும். மத்தியானம் தானாவே சரியாயிடும். எல்லாம் எங்க வீட்டுக்காரர் வில்ஃப் பண்ண வேலை. பாய்லர் டைமரை நோண்டாதீங்கன்னா கேக்கமாட்டார். அவர் போய்ச் சேந்து பத்து மாசமாச்சு, அவர் கெடுத்தது மட்டும் அப்படியே இருக்கு."

குடகுட சத்தம் என்றதுமே டெஸ்மண்டுக்குப் புரிந்துவிட்டது. பின்பக்கம் போய்ப் பார்த்தார். பாய்லரின் கழிவுநீரை வெளியே கொண்டுபோகும் குழாய் சுவரோரமாக நாலு மீட்டர் ஓடியது. விரல் பருமன்தான் இருந்தது. மேலே உறையும் சுற்றவில்லை. உள்ளே தண்ணீர் உறைந்து அடைத்துக்கொண்டிருந்தது. போக வழியில்லாத நீர் பின்னால் தேங்கி, பாய்லரைப் பற்றவிடாமல் நிறுத்தியிருந்தது.

எந்த மடையன் போட்டது என்று முணுமுணுத்தபடி உள்ளே வந்து பாய்லர் மூடியைக் கழற்றினார். உட்பக்கச் சீட்டில் ஏழு வருடத்துக்கு முந்தைய தேதி. கீழே அவருடைய கையெழுத்து.

இந்த பாய்லரை மாட்டிய அன்று வெள்ளிக்கிழமை. வேனில் பருமனான குழாய் தீர்ந்திருந்தது. சாயங்காலம் ரக்பி ஆட்டம் பார்க்கப் போகவேண்டும். திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளலாம் என்று கையிலிருந்ததை மாட்டினார். திங்கட்கிழமை வேறு வீட்டில் வேலை வந்தது, இந்த வீடு மறந்தே போனது.

வெதுவெதுப்பான நீரைக் குழாய்மேல் ஊற்றினார். அடைப்பு விட்டது. பட்டனை அழுத்தியதும் பாய்லர் பற்றிக்கொண்டது.

"கைராசிக்காரன்பா நீ," என்று நோரீன் கேக்கும் சீஸும் வைத்த தட்டை நீட்டினார். அதைத் தின்றுவிட்டுப் போயிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.

"மிசஸ் சக்டன், வில்ஃப் மேல தப்பில்ல. டைமர் நல்லாத்தான் இருக்கு. குழாய்தான் சின்னது. அதைப் போட்டது நான். அவசரத்துல போட்டுட்டேன்."

அந்தம்மா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆறு குளிர்காலம் திட்டினேன். கடைசி வருஷம் அவர் பாய்லர் பக்கமே போகல. குளிருதுன்னுகூட சொல்லமாட்டார், நான் கத்துவேன்னு."

"என்னை மன்னிச்சிடுங்க."

"எங்கிட்ட கேட்டு என்ன ஆகப்போகுது?" குரலில் கோபம்கூட இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கே போய், பருமனான குழாயை வீட்டுக்குள்ளேயே ஓடும்படி போட்டார். நோரீன் முன்னறையை விட்டு வரவில்லை. டீ வேண்டுமா என்றும் கேட்கவில்லை. கிளம்பும்போது, "கதவைச் சாத்திட்டுப் போ," என்று மட்டும் குரல் வந்தது.

அந்த வாரமே பழைய டைரிகளைப் புரட்டி, அதேபோல் மாட்டிய இன்னும் ஐந்து வீடுகளைத் தேடிப் போனார். ஒரு வீட்டில் சிரித்தார்களாம்.

"அவங்களால சிரிக்க முடியுதுப்பா," என்றார் என்னிடம்.

இப்போதும் உறைபனி விழுந்த காலைகளில் நோரீன் வீட்டு வழியாகத்தான் வேனை ஓட்டுகிறார். சுவரிலுள்ள பாய்லர் புகைக்குழாயில் வெண்ணிற ஆவி தெரிந்தால், நிற்காமல் போய்விடுவார்.