பாசித்தின்னி இன்று ரத்து

திட்டு வாங்குவதையே வேலையாகக் கொண்ட தொழில்கள் உலகத்தில் சில உண்டு. அவற்றில் இரண்டை நான் பார்த்துவிட்டேன். முதலாவது, அந்தமான் போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் கவுன்டர். இரண்டாவது, இப்போது பார்ப்பது: ஒரு செல்போன் விளையாட்டுக் கம்பெனிக்கு வரும் புகார்களுக்குப் பதில் எழுதுவது. முதல் வேலையில் திட்டுகிறவரின் முகம் தெரியும். இதில் அவருடைய எழுத்துப்பிழைகள் மட்டும் தெரியும். தான் செய்யாத தப்புக்குத் தினமும் மன்னிப்புக் கேட்டுப் பழகிப்போன சகோதர சகோதரிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அதே ஊரின் லம்பா லைன் பகுதியில் ஒரு வீட்டின் கார் ஷெட், மூன்று மேசை, ஒரு ஃபேன். முதலாளி சுரேஷ், மதுரைக் கான்ட்ராக்டர் ஒருவரின் மகன், இங்கேயே பிறந்து வளர்ந்தவன். என்னைவிடப் பத்து வயது இளையவன். என்னை அக்கா என்பான். நான் வெளியாள் யாராவது வந்தால் மட்டும் அவனை சார் என்பேன். எங்கள் விளையாட்டில் தரைக்கு அடியில் ஏழு தளங்கள், தளத்துக்குத் தளம் ராட்சசர்கள். வெட்டிக்கொண்டே கீழே இறங்க வேண்டும். அவ்வளவுதான் கதை.

கடிக்காத ராட்சசன்

முதல் தளத்தின் தரை முழுக்க சுரேஷ் விஷப் பாசியை வளர்த்து வைத்திருந்தான். நாலு அடி வைத்தால் உயிர் போய்விடும். சோதித்துப் பார்த்தவர்கள் எல்லோரும் அங்கேயே செத்தார்கள். நானும் ஒரு மத்தியானச் சாப்பாட்டு வேளைக்குள் பதினோரு தடவை செத்தேன். கடுப்பில், "முன்னால போய் வழியைச் சுத்தம் பண்ண ஒரு ஜந்துவை விடேன்டா" என்றேன். கடலோரம் மின்னி பே பகுதியில் எங்கள் வீட்டு வாசல்வரை சங்கைத் தூக்கிக்கொண்டு வரும் நண்டுகளை நினைத்துச் சொன்னது. அவன் அதையே வரைந்துவிட்டான். பெயர் பாசித்தின்னி. படிக்கட்டு ஓரத்தில் ஒரு பொந்திலிருந்து வெளியே வரும். பாசியைத் தின்றுகொண்டே மெதுவாக அடுத்த படிக்கட்டுவரை ஊர்ந்து போகும். பின்னாலேயே போனால் ஒரு கீறல் இல்லாமல் இறங்கிவிடலாம். யாரையும் கடிக்காது. வெட்டினால் சங்குக்குள் சுருண்டு செத்துப்போகும், வெட்டியவருக்கு ஒரே ஒரு பாயின்ட்.

ஆனால் அதை ராட்சசர் பட்டியலில்தான் சேர்த்தான். அது உதவி செய்யும் என்பதை ஆடுகிறவர்களே கண்டுபிடிக்க வேண்டுமாம். ஆக, உண்மை ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிச் சமாளிப்பது என் பொறுப்பு. கப்பல் எப்போது கிளம்பும் என்று கேட்பவர்களிடம் பல வருஷம் பழகிய வித்தைதான் இது. சுரேஷும் தீவு வழக்கப்படி இந்தி கலந்து கண்டிப்பாகச் சொல்லி வைத்தான்: "அக்கா, யார் கேட்டாலும் 'தோடா பொறுமையா ஆடிப் பாருங்க'ன்னு மட்டும் எழுதுங்க. அது நல்ல ஜந்துன்னு வாயைத் திறந்துடாதீங்க."

கோயம்புத்தூர்க்காரரின் சந்தேகம்

கோயம்புத்தூரில் பம்புசெட் கடை வைத்திருக்கும் ஒருவர் வாரம் தவறாமல் புகார் எழுதுவார். முதல் தளம் ரொம்பக் கஷ்டமாம், ஏமாற்று வேலையாம். அவர் ஆடுவதை எங்கள் கம்ப்யூட்டரில் பார்த்தேன். உள்ளே வருவார், பாசித்தின்னியை வெட்டுவார், நாலு அடி வைப்பார், சாவார். மறுபடி உள்ளே வருவார், வெட்டுவார், சாவார். உடனே எனக்கு மெயில். பொறுமையாக ஆடிப் பாருங்கள் என்று நானும் எழுதிக்கொண்டே இருந்தேன், பொறுமையாக வெட்டினார்.

கடைசியில் ஒருநாள் போனிலேயே கூப்பிட்டுவிட்டார். அரைமணி நேரம் திட்டினார். மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், "சார், அந்தச் சின்ன ஜந்துவை ஏன் சார் முதல்ல வெட்டறீங்க?" என்று கேட்டேன். அவர் சொன்னது இது: "ஏனுங் மேடம், அத்தனை பேரும் கடிக்கற எடத்துல ஒருத்தன் மட்டும் கடிக்காமப் போறான்னா சந்தேகம் வராதுங்களா? அதனாலதான் அவனை மொதல்ல முடிச்சுடறனுங்க."

வரிசை

ஒரு காலையில் சுரேஷ் அலறினான். முதல் தளத்தில் ஏதோ கோளாறு, ஏழெட்டுப் பேர் ஒரே நேர்கோட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்றான். போய்ப் பார்த்தேன். பாசித்தின்னி முன்னால் ஊர்கிறது. பின்னால் கவசமும் வாளுமாக வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக, ஒருவரை ஒருவர் இடிக்காமல், மெல்ல நகர்ந்து போகிறார்கள். எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டிலிருந்து தினமும் சாத்தமுக்கு ஃபெர்ரி ஏறி ஆபீஸ் போகிற கூட்டத்தைத் தவிர வேறு யாருக்கும் இந்த ஒழுங்கு வராது. விசாரித்தால் அவர்களேதான். ஃபெர்ரியில் உட்கார்ந்துதான் ஆடுகிறார்களாம். பாசித்தின்னிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரும் 'ஃபெர்ரி'. படிக்கட்டு ஓரத்துக்குப் பெயர் 'ஜெட்டி', அதாவது படகுத்துறை. மெயின்லேண்டில் யாருமே கண்டுபிடிக்காத ரகசியத்தை இவர்கள் கண்டுபிடிக்கவே இல்லை. மெதுவாகப் போகிற ஒன்றைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் பின்னால் நின்றுவிட்டார்கள்.

அந்த வரிசையில் நின்ற ஒரு கிளார்க்கைப் போனில் கூப்பிட்டு, "தம்பி, வழி சுத்தமாத்தானே இருக்கு, முன்னாடி இருக்கிறவரைத் தாண்டி ஓடினா இன்னும் பாயின்ட் கிடைக்குமே" என்றேன். பயந்துபோன குரலில் பதில் வந்தது: "அரே அக்கா, முன்னாடி நிக்கிறது எங்க ஹெட் கிளார்க் படா பாபு. அவரைத் தாண்டிப் போனா திங்கட்கிழமை ஆபீஸ்ல நீங்களா வந்து பதில் சொல்வீங்க?"

நேரில் வந்த புகார்

இந்தத் தீவில் இன்னொரு வழக்கம் உண்டு. மெயில் போடுங்கள் என்றால் நேரில் வருகிறேன் என்பார்கள். அப்படித்தான் பாம்பூஃப்ளாட்டிலிருந்து சவரிமுத்து அண்ணன் ஃபெர்ரி ஏறி, பஸ் பிடித்து எங்கள் ஷெட்டுக்கு வந்தார். பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். டோங்கி என்கிற சின்னப் படகுகளின் மோட்டார்களைப் பிரித்துப் பூட்டுவதில் கெட்டிக்காரராம். போன வருஷம் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை நடுங்குகிறது. ஸ்பேனரைப் பிடிக்க முடியவில்லை. வீட்டில் இருந்தபடி பாசித்தின்னி பின்னால் போகிறார். வேகமாக ஆட வேண்டிய எதையும் அவரால் ஆட முடியாது. ஆனால் விரல் நடுங்கித் திரையில் பட்டதும் அது வெட்டு ஆகிவிடுகிறது, நண்டு செத்துவிடுகிறது. அதுதான் புகார். திட்டவே இல்லை. திட்டாத புகாருக்கு எனக்குப் பயிற்சி கிடையாது.

காதில் விழாதது போல உட்கார்ந்திருந்த சுரேஷ் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினான். தொடர்ந்து மூன்று முறை அழுத்தமாகத் தட்டினால்தான் இனிமேல் பாசித்தின்னிக்கு அடிபடும் என்று மாற்றிவிட்டான். அண்ணன் எங்கள் முன்னாலேயே ஆடிப் பார்த்தார். விரல் இரண்டு தரம் பட்டது. நண்டு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "அடிக்கணும்னு அடிக்கலம்மா, கை தானா ஆடுது. அது புரிஞ்சுக்கிடுச்சு பாருங்க."

பெங்களூரிலிருந்து ஒரு கேள்வி

எங்கள் கம்பெனிக்கு முதல் போட்டவர் பெங்களூரில் இருக்கிறார், அவரும் தமிழர்தான். மாதம் ஒருமுறை வீடியோவில் வருவார். சாயங்காலம் ஐந்தரைக்கு அவர் பின்னால் வெயில் அடிக்கும், தீவு வெகுதூரம் கிழக்கே இருப்பதால் எங்கள் ஜன்னல் இருட்டியிருக்கும். அந்த மாதம் புகார்க் கணக்கைப் பார்த்தார். பத்துப் புகாரில் எட்டு பாசித்தின்னியைப் பற்றி. மற்ற ராட்சசர்களைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை; அவர்கள் ஒழுங்காகக் கடிக்கிறார்கள். "அதைச் சத்தமில்லாம எடுத்துடுங்க. ஒரு வாரம் பார்ப்போம். புகாரே வராதுன்னா அந்த மேடத்துக்கும் வேலை இருக்காது, மிச்சம்தானே" என்றார். அந்த மேடம் கேமராவுக்கு வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியாது.

நேராகவே சொல்லிவிடுகிறேன்: இந்த வேலை எனக்கு வேண்டும். கவுன்டரில் என் நாற்காலியில் இப்போது வேறொருவர் உட்கார்ந்து திட்டு வாங்குகிறார். சுரேஷ் எனக்காக இல்லாவிட்டாலும் நண்டுக்காக மெல்ல வாதாடிப் பார்த்தான். அவர் கேட்டார்: "ராட்சசன்னா ஏதாவது பண்ணணும் சுரேஷ். இது யாரையும் ஒண்ணும் பண்ணாம அதுபாட்டுக்குப் போகுது, வருது. இதை எதுக்கு வச்சிருக்கோம்?"

வெற்றி

பாசித்தின்னியை எடுத்து மூன்று நாள் ஆயிற்று. ஒரு புகார்கூட வரவில்லை. நான் மேசையைத் துடைத்தேன், பேனாக்களை அடுக்கினேன், என் டம்ளரை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று யோசித்தேன். நான்காம் நாள் பெங்களூர்க்காரரே கூப்பிட்டார். கிராஃப் எகிறிவிட்டதாம். முன்பு பத்து நிமிஷம் ஆடியவர்கள் இப்போது மணிக்கணக்கில் உள்ளேயே இருக்கிறார்களாம். "பாத்தீங்களா சுரேஷ், ஒரு நண்டை எடுத்தோம், ஜனங்க கேமை விட்டு வெளியே போகவே மாட்டேங்கறாங்க!"

போர்டு

மணிக்கணக்கில் அப்படி என்ன ஆடுகிறார்கள் என்று உள்ளே போய்ப் பார்த்தேன். யாரும் ஆடவில்லை. படிக்கட்டு ஓரத்தில், பாசி இல்லாத அந்த ஒரு முழம் இடத்தில், நாற்பது ஐம்பது பேர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். கிளார்க் தம்பியைக் கூப்பிட்டேன். "வெதர் சரியில்லையோ என்னவோ. போர்டு மாட்டலையே அக்கா, வரும்" என்றான். கடல் கொந்தளித்தால் ஃபெர்ரி நிற்கும், ஜெட்டியில் ரத்து என்று போர்டு மாட்டுவார்கள், அதுவரை ஒருவரும் நகர மாட்டார்கள். எனக்குத் தெரியாதா என்ன? எத்தனை போர்டு நானே மாட்டியிருக்கிறேன்!

வரிசையின் தலையில் நின்றவர் சவரிமுத்து அண்ணன். அவரையும் கூப்பிட்டேன். "நாலு நாளா நான்தாம்மா முதல்ல நிக்கேன். இடம் போயிரும்லா, அதான் போனை அணைக்கல. சார்ஜுல போட்டுட்டு இப்பதான் கஞ்சி குடிச்சேன். எப்ப வருமாம்?" என்று கேட்டார். பொறுமையாக ஆடிப் பாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விளையாட்டின் முகப்பில் அறிவிப்பு போடுவதும் என் வேலைதான். யாரையும் கேட்காமல் போட்டேன்: 'பாசித்தின்னி இன்று ரத்து. அடுத்த அறிவிப்பு வரும்வரை வராது.' பத்து நிமிஷத்தில் ஜெட்டி காலி. கிராஃப் தரையைத் தொட்டது. அதன்பிறகு வந்த புகார்கள் மாதிரி நான் கவுன்டரில்கூடப் பார்த்ததில்லை. மெயில், போன் எல்லாம் போதாதென்று அடுத்தடுத்த ஃபெர்ரியில் ஆட்களே வந்தார்கள். படா பாபு ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். கோயம்புத்தூர்க்காரரும் எழுதியிருந்தார்: "மேடம், எல்லாரும் கடிக்கறாங்க. இப்ப நான் யாரைத்தான் சந்தேகப்படறதுங்க?" பெங்களூர்க்காரர் கத்தினார். சுரேஷ், "சார், அவங்க ஆடல, காத்திருந்தாங்க" என்றான். எதற்கு என்று கேட்டார். "நண்டுக்கு சார்." அப்புறம், அதைத் திருப்பி விட்டுத் தொலை என்றார்.

அன்று சாயங்காலமே பொந்திலிருந்து பாசித்தின்னி வெளியே வந்தது. சேதி சொல்லச் சவரிமுத்து அண்ணனுக்குப் போன் போட்டேன். வேலை தப்பியதா என்று நான் இன்னும் சுரேஷைக்கூடக் கேட்கவில்லை, முதலில் இவரைத்தான் கூப்பிட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தவர், ரகசியம் பேசுவது போலச் சொன்னார்: "எம்மா, வந்துருச்சு, பின்னாலயே போயிட்டிருக்கேன். கை ஆடிரும், வச்சிருங்க."

கடிக்காததை நம்பாத ஊர் ஒரு பக்கம், வராததை நம்பி நிற்கும் ஊர் இன்னொரு பக்கம் என்று இருக்கிறவரை, யாரையும் ஒன்றும் செய்யாமல் நடுவில் ஊர்ந்துகொண்டிருக்கும் நண்டுக்கும் எனக்கும் வேலை இருக்கும்.