குமராட்சிக்கு இந்தி கொண்டுபோன இரண்டு நாள்

பொங்கல் முடிந்த வாரம், குமராட்சியை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து பாஸ்டர் ஒருவர் போன் செய்தார். காட்டுமன்னார்கோயில் பக்கத்து ரைஸ் மில்களில் வேலை செய்யும் ஜார்க்கண்ட்காரர்கள் ஒன்பது பேர் ஞாயிறு தவறாமல் அவருடைய சபைக்கு வருகிறார்களாம். இரண்டு மணி நேரம் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போகிறார்களாம். சனி, ஞாயிறு கூட்டம் இருக்கிறது, கூடவே இந்தியில் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றார்.

நான் ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன். அதில் ஆறு வருடம் ராஞ்சியில். ஓய்வு பெற்றுக் கடலூருக்கு வந்தபின் என் இந்தியைச் சீந்துவாரில்லை. உடனே சரி என்றுவிட்டேன். "வீட்ல பேசறதுக்கு மட்டும்தான் உங்களுக்கு வாய் வலிக்கும்" என்று சொல்லி மனைவி வழியனுப்பினாள்.

சனிக்கிழமை காலை 6.10க்குக் கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டி ஏறினேன். நாற்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் நாற்பது ரூபாய். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர் வழியாக 7.30க்குச் சிதம்பரம். பேருந்து நிலையத்துக்கு எதிரே இரண்டு இட்லி, ஒரு வடை. தொண்டையை நம்பிப் போகிறவர்கள் காலையில் எண்ணெய்ப் பலகாரத்தைத் தவிர்க்க வேண்டும். வடைக்கு மட்டும் நான் விதிவிலக்கு தருவதுண்டு. அங்கிருந்து காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸில் பதினான்கு கிலோமீட்டர் போனால் குமராட்சி. பிறகு உள்ளே மூன்று கிலோமீட்டர் மினி பஸ். சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்ததால் பாதி ரோட்டில் நெல் காய்ந்தது. "நெல்லு மேல ஏத்துனா ஊரே சண்டைக்கு வரும் சார், அதான் ஓரமா போறேன்" என்றார் டிரைவர். அந்த மூன்று கிலோமீட்டருக்கு இருபது நிமிடம் ஆயிற்று.

கூட்டம் பத்து மணிக்கு. கடைசி பெஞ்சில் நடுவில் நான், இரண்டு பக்கமும் முன்னாலும் அந்த ஒன்பது பேர். பாஸ்டர் பேசப் பேசத் தணிந்த குரலில் இந்தியில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அவர் மூச்சு விடும் இடம்தான் நமக்குக் கிடைக்கும் இடம். முதல் பத்து நிமிடம் திணறினேன், பிறகு பழகிவிட்டது. எனக்கு நேர் முன்னால் சலோமி என்ற பெண், மடியில் ஐந்து மாதக் குழந்தை ரோஷ்னியுடன் உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாள் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த முகம், பைபிளின் சங்கீத வசனம் ஒன்று இந்தியில் கேட்டதும் மலர்ந்தது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது. இடைவேளையில் பாஸ்டரிடம், "சொன்னதைச் சொல்வேன், கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன்" என்று பெரிய மனிதனாகப் பேசினேன்.

மதியம் சாம்பார் சாதம் முடிந்ததும் சபைக் கமிட்டி கூடியது. சலோமியும் அவள் கணவன் பிரகாஷும் குழந்தைக்கு ஞாயிறன்று இங்கே ஞானஸ்நானம் கேட்டிருந்தார்கள். கமிட்டி ஒப்புக்கொண்டால்தான் ரெஜிஸ்டரில் பேர் ஏறும், ஞானஸ்நானம் நடக்கும். மேசையில் தடித்த ரெஜிஸ்டர், அதன் பின்னால் செக்ரட்டரி, பக்கத்தில் எழுபது வயது மூப்பர் ஞானமுத்து. ஊரே அவரை மாமா என்கிறது, நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"சீசன் முடிஞ்சா மூட்டையக் கட்டிக்கினு போயிடுவாங்க. நம்ம புக்ல எதுக்கு இவுங்க பேரு? கேளுங்க."

இங்கேதான் நான் கெட்டது. மேலதிகாரியின் திட்டுக்குச் சர்க்கரை போட்டு ஜவான்களிடம் சொல்லியே பழகிய வாய் இது. கைக்குழந்தைக்காரியிடம் அப்படிக் கேட்க மனம் வரவில்லை. "ஊருக்கு எப்போம்மா போறீங்க?" என்று இந்தியில் கேட்டுவிட்டேன். ஏதோ அன்பாக விசாரிக்கிறார்கள் என்று நினைத்து அவளும் சிரித்துக்கொண்டு, ஹோலி முடிந்ததும் என்றாள். அதைத் தமிழில் சொன்னேன்.

"அவுங்களே சொல்லிட்டாங்க பாருங்க" என்றார் மாமா. அப்படியானால் அவர்கள் ஊரிலேயே கொடுத்துக்கொள்ளட்டும் என்று முடிவாகி, செக்ரட்டரி ரெஜிஸ்டரை மூடினார். சலோமி மூடிய புத்தகத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்து என்ன ஆயிற்று என்றாள்.

எனக்கு உடம்பு கூசியது. நல்லது செய்வதாக நினைத்து அவள் பதில் சொல்ல வேண்டிய இடத்தையே நான் பிடுங்கிக்கொண்டேன். எழுந்து நின்றேன்.

"மாமா, நீங்க சொன்னத நான் கேக்கல. மனசு வராம வேற கேட்டுட்டேன். தப்பு எம்மேல. இப்ப சரியா கேக்கறேன்."

சலோமியிடமும் நான் செய்ததைச் சொன்னேன். பிறகு மூட்டையைக் கட்டுவது உட்பட ஒரு வார்த்தை விடாமல் மாமாவின் கேள்வியை இந்தியில் வைத்தேன். அவள் முகம் சுருங்கியது. பிறகு மாமாவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள், நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்:

"போயிடுவோம், நெசந்தான். இங்க இல்லன்னா வங்காளத்துல பர்த்வான், அங்க இல்லன்னா வேற மில்லு. ஊர்ல வீடு விழுந்து மூணு வருசம் ஆச்சு. இவ பொறந்தது காட்டுமன்னார்கோயில் ஆஸ்பத்திரில. எங்க ஞானஸ்நானம் எடுத்தன்னு நாளைக்கி யாராச்சும் கேட்டா, இவ சொல்றதுக்கு ஒரு ஊர் பேரு வேணும். நாங்கதான் போவோம். புக்கு இங்கதான இருக்கும்?"

ஞானமுத்து மாமா மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். ரெஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தார். பக்கங்களின் ஓரமெல்லாம் பழுப்பாகக் கறை ஏறியிருந்தது.

"கொள்ளிடத்துல ரெண்டு வாட்டி தண்ணி வந்தப்பவும் இத தலைமேல வெச்சிக்கினு நின்னவன் நான். புக்கு எங்கியும் போவாதுன்னு சொல்லுங்க" என்றார். பிறகு செக்ரட்டரியிடம், "எழுதுய்யா" என்றார்.

குழந்தைக்கு என்ன இனிஷியல் போடுவது என்று செக்ரட்டரி ஐந்து நிமிடம் தவித்து, கடைசியில் 'பி' போட்டார். அடுத்த கட்டம் ஞானத்தகப்பன். அப்பா அம்மாவுக்கு அடுத்தபடியாகக் குழந்தைக்குப் பொறுப்பேற்கிற ஆள் அவர். இந்தப் பக்கத்தில் அவர்களுக்கு யாரைத் தெரியும் என்றார் செக்ரட்டரி. சலோமி பிரகாஷிடம் ஏதோ கேட்டாள், அவன் தலையாட்டினான். பிறகு அவள் பதில் சொன்னாள். அதில் பாதியை விழுங்கிவிடலாமா என்று எனக்கு ஆசை வந்தது. ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதாகச் சற்றுமுன்தானே எழுந்து நின்றேன். சொன்னேன்:

"இந்த ஆளே இருக்கட்டும். மொதல்ல என்னை ஏமாத்துனாரு. அப்புறம் எல்லார் முன்னாடியும் ஒத்துக்கினாரு. அப்படிப்பட்டவரு எம்பொண்ணுக்கு வேணும்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ரோஷ்னி என் கையில் இருந்தாள். தண்ணீர் பட்டதும் கத்திய கத்தலுக்கு எந்த மொழியிலும் ஆள் தேவைப்படவில்லை.

மொழிபெயர்க்கப் போகிறவர்களுக்கு: வெந்நீர் ஒரு பிளாஸ்க், கற்கண்டு ஒரு பொட்டலம் கட்டாயம். பாஸ்டரின் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். குமராட்சியில் மினி பஸ் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றுதான், விட்டால் ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். திரும்பும்போது சிதம்பரத்தில் அரை நாள் கிடைத்தால் பிச்சாவரம் போய்வரலாம், பதினைந்து கிலோமீட்டர்தான். கேள்வி கசப்பாக இருந்தால் கசப்பாகவே கொண்டுபோய்க் கொடுங்கள். எதிரில் இருப்பவருக்கும் பதில் தெரியும்.

ஹோலிக்கு இன்னும் ஐந்து ஞாயிறு இருக்கிறது. ஐந்துக்கும் 6.10 வண்டிதான். இந்த முறை மனைவியும் வருகிறாள். ஞானத்தாய் என்ற கட்டம் இன்னும் காலியாக இருக்கிறதாம்.