முயல் கூட்டின் மஞ்சள் கதவு

"ஏம்மா, உங்க வீட்டுல இதுங்க உசுரோட இருக்குமா?"

மேடம் இதை என்னிடம் கேட்டபோது அவர் வீட்டு வராந்தா முழுக்க அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. செகந்திராபாத் திருமுல்கேரியில் ராணுவக் குடியிருப்பில் இருந்த அந்த வீட்டில்தான் அம்மா வேலை செய்துகொண்டிருந்தாள். மேடத்தின் கணவருக்கு வடக்கே மாற்றல். இரண்டு முயல்களையும் அவ்வளவு தூரம் கொண்டுபோக முடியாது. அவர்களுடைய சின்னப் பெண், என் அம்மாவிடம்தான் கொடுக்க வேண்டும் என்று அழுது அடம்பிடித்து ஜெயித்திருந்தாள்.

மேடம் கெட்ட மனதோடு கேட்கவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார். எனக்கு அதுதான் சுருக்கென்றது.

"இருக்கும் மேடம். நானே கூடு கட்டுறேன்" என்றேன்.

அம்மா உடனே சேர்ந்துகொண்டாள். "என் பொண்ணு பி.எஸ்ஸி. மேடம். போன்ல பாத்தே எல்லாம் செஞ்சிடும்." பிறகு அந்தச் சின்னப் பெண்ணின் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். "பாப்பா, நான் பாத்துக்கிறேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன்ல காட்றேன்."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். தாத்தா காலத்திலேயே ஆற்காட்டுப் பக்கமிருந்து செகந்திராபாத் வந்துவிட்ட குடும்பம். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் எது நன்றாக நடந்தாலும் என் படிப்பால் நடந்தது என்பார்கள். கெட்டுப்போனால் இவ்வளவு படித்தும் இப்படியா என்பார்கள். அதனால் முயல் கூட்டையும் பரீட்சைக்குப் போவதுபோலத்தான் தொடங்கினேன்.

வீட்டுக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. இடம் அவ்வளவுதான். சாக்கடையில் பெருச்சாளிகள், சுவர்மேல் பூனைகள். நான் பயந்தது இந்த இரண்டுக்கும்தான். கோழி வலை போதும் என்றார் அப்பா. நான் வாங்கிவந்த கம்பி வலைச் சுருளைப் பார்த்ததும் சிரித்தார்.

"கைக்குமா, எதுக்கு இத்தினி கம்பி? முயலுக்கு வீடு கட்றியா, ஜெயிலா?"

"கோழி வலைய பெருச்சாளி ஒரே கடியில அறுத்துடும்பா. இது வெல்டிங் வச்ச கம்பி, சின்னக் கண்ணு. பூனை கையக்கூட உள்ள விட முடியாது."

"ஹவ் மேடம், சரிங்க மேடம்" என்று எனக்குச் சலாம் வைத்தார். பிறகு வெட்டுக்குறட்டை எடுத்து வந்து கம்பியை நறுக்கினார்.

சட்டத்துக்குப் பேக்கிங் பெட்டிகளைப் பிரித்த பலகை. மழையிலும் வீணாகாமல் இருக்கச் செங்கல் வைத்துக் கூட்டை உயர்த்தினோம். வெறும் கம்பியில் நின்றால் முயலின் பாதம் புண்ணாகும் என்று தரையில் பலகை போட்டு அதன்மேல் வைக்கோல் பரப்பினேன். கம்பி முனைகள் எல்லாவற்றையும் வெளிப்பக்கம் மடக்கி அரம் போட்டுத் தேய்த்தேன். பயந்தால் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி. கதவுக்கு மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள். கூரைக்கு மட்டும் அப்பா ஏதோ கட்சியின் பழைய பிளக்ஸ் பேனரைக் கொண்டுவந்து போட்டார். அதிலிருந்த தலைவர் கும்பிட்ட கையோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெருச்சாளி வந்தது. கூட்டைச் சுற்றி மண்ணைப் பறித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மண்ணில் அந்தத் தடத்தைப் பார்த்த காலையில் எனக்கு வந்த மகிழ்ச்சி பட்டம் வாங்கிய அன்றுகூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் சின்னப் பெண் முயல்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். ஒருமுறை மேடமும் எட்டிப் பார்த்து, "அட, கூடு நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்த 'தான்' எனக்குப் போதும் என்று நினைத்தேன்.

அப்புறம் அம்மன் திருவிழாவான போனாலு வந்தது. எங்கள் பக்கத்தில் போனாலு வந்தால் எல்லா வீட்டு வாசற்காலுக்கும் மஞ்சள் பெயிண்ட் அடித்துக் குங்குமச் சிவப்பில் பொட்டு வைப்பார்கள். தெலுங்குக்காரர்கள் வழக்கம் என்று எங்கள் வீட்டில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அம்மாவும் தலையில் போனம், அம்மனுக்குப் படைக்கும் சோற்றுப் பானை, தூக்குகிறவள்தான்.

நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை லேபிலிருந்து அன்று சாயங்காலம் திரும்பியபோது வீடெல்லாம் பெயிண்ட் வாசனை. அம்மா என் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துப்போனாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

கூட்டின் கதவு பளபளவென்று மஞ்சளாக இருந்தது. சட்டத்தில் வரிசையாகச் சிவப்புப் பொட்டு.

"நம்ம வாசக்காலுக்கு மட்டும் அடிச்சிட்டு அதுங்க வீட்ட விட்டா அம்மன் இன்னா நெனைப்பா? அங்க பாரு, சாரு மொகத்துலயும் மஞ்ச பூசிக்கினாரு!"

ஆண் முயலின் மீசையில் மஞ்சள் இருந்தது. கதவுச் சட்டத்தின் உள்பக்கம் விளிம்பு நெடுக அரிக்கப்பட்டு வெள்ளை மரம் தெரிந்தது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத விருப்பமில்லை. அம்மா பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். முயல்கள் இரண்டையும் சமையலறைக்குக் கொண்டுவந்து விட்டேன். பெண் முயல் கீரை தின்றது. ஆண் முயல் மறுநாள் எதையும் தொடவில்லை. புழுக்கையும் போடவில்லை. மூலையில் முதுகைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அப்பாவின் ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். வழியெங்கும் மேளம். ஒவ்வொரு அடிக்கும் அது என் வயிற்றோடு ஒட்டி நடுங்கியது. அப்பா மேளம் இல்லாத சந்துகளாகத் தேடித் தேடி ஓட்டினார்.

டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். முயலுக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், மரம் கிடைத்தால் கொறிக்காமல் இருக்காது, கொறிக்கிற இடத்தில் பெயிண்ட் இருக்கவே கூடாது என்றார். மருந்து கொடுத்தார். ஊசியில்லாத சிரிஞ்சில் கூழ் புகட்டச் சொன்னார். பிழைக்குமா என்று கேட்டேன். தின்னத் தொடங்கட்டும், பார்க்கலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அம்மா பெண் முயலை மட்டும் காட்டினாள்.

"இன்னொண்ணு எங்க ஆன்ட்டி?"

"அது தூங்குது கண்ணு. இப்பத்தான் தின்னுட்டுப் படுத்துது."

பக்கத்தில் சிரிஞ்சோடு உட்கார்ந்திருந்த நான் கேமராவில் படாமல் நகர்ந்துகொண்டேன். அம்மா பொய் சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது. போனை வைத்த பிறகு அந்த நிம்மதிதான் என்னைப் படுத்தியது.

"சொல்லிடலாம்மா" என்றேன்.

"நக்கோ, வேணாம். 'உங்க வீட்டுல உசுரோட இருக்காதுன்னு நான் அப்பவே சொன்னேன்ல'ன்னு மேடம் சொல்வாங்க." அவள் குரல் இறங்கியது. "நான் கெடுதல் நெனச்சா அடிச்சேன்? வாசக்காலு மொட்டையா இருந்தா வூட்டுக்கு ஆகாதுன்னுதான்…"

அன்றிலிருந்து அம்மா கூட்டுப் பக்கம் போவதில்லை. கீரையைக்கூட என் கையில் கொடுத்து, "நீயே வச்சிடு, எனக்கு இன்னா தெரியும்" என்கிறாள். உங்க வீட்டுல என்று மேடம் சொன்னபோது எனக்குச் சாக்கடையும் பெருச்சாளியும்தான் தெரிந்தன. அவற்றுக்கு எதிராக ஒவ்வொரு கம்பியாக மடக்கினேன். வந்த ஆபத்தோ அம்மாவின் ஆசையிலிருந்து வந்தது. இப்போது இதை மறைத்தால் எங்கள் வீட்டைப் பற்றி அவர் நினைத்ததை நானே ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிடும். மறைக்காவிட்டால் அம்மா அவர் முன் தலைகுனிய வேண்டும். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் வழி தெரியவில்லை.

மஞ்சள் கதவைக் கழற்றினேன். புதுக் கதவை மரமே இல்லாமல் இரும்புச் சட்டத்தில் செய்தேன். உள்பக்கம் மற்ற பலகைகளின் விளிம்புகளையும் தகரத்தால் மூடினேன். கொறிக்க வேப்பங்குச்சிகளைக் கட்டித் தொங்கவிட்டேன். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பொட்டே வைக்கக் கூடாதா?"

"வைக்கலாம்மா. கீழ செங்கல்ல வை. அங்க அதுங்க வாய் எட்டாது."

அவள் வந்து குனிந்து, செங்கல்லில் குங்குமம் வைத்தாள். பயந்து பயந்து, ஒரே ஒரு பொட்டு.

இன்று காலை ஆண் முயல் ஒரு கொத்தமல்லித் தண்டை இழுத்துப் பாதி தின்றது. பிழைத்துவிட்டது என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. அதற்காகக் காத்திருக்கத் தோன்றவில்லை. அம்மாவிடம், "மேடத்துக்கு நாங்க பெயிண்ட் அடிச்சோம்னுதான் எழுதுவேன், உன் பேரு வராது" என்று சொன்னேன். அவள் கீரைக் கட்டை எடுத்து ஆயத் தொடங்கினாள். லேபுக்குக் கிளம்பும் முன் கொறித்த மஞ்சள் கதவையும் புதிய இரும்புக் கதவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தேன். முயலுக்கு என்ன ஆனது, எதனால் ஆனது, இப்போது என்ன செய்கிறோம் என்று நாலு வரி எழுதி, படத்தோடு சேர்த்து மேடத்துக்கு அனுப்பிவிட்டேன்.