மசூர் காக்காவின் சிவப்புப் பொத்தான்

இது உண்மைக் கதை. சந்தேகமென்றால் எங்கள் எல்லாருக்கும் அண்ணன் முறையான மசூர் காக்காவையே கேளுங்கள். முகைதீன்பாவாவின் இந்தத் தேத்தண்ணிக் கடையில், அந்த மூலையில்தான் இருக்கிறார். சுனாமிக்குப் பிறகு ஏதோவொரு நிறுவனம் அவருடைய மருதமுனைத் தச்சுப் பட்டறைக்கு கொம்பியூட்டரில் ஓடுகிற, மரம் செதுக்கும் மெசின் ஒன்று கொடுத்தது. பத்து யானைக் கனம்.

"பத்து யானையா?" என்றார் முகைதீன்பாவா.

சரி, ரெண்டு. சரி, ஒரு எருமை. இழுக்காத கதைக்கு யார் காது கொடுப்பார்கள்? மிச்சமெல்லாம் நடந்தது.

கடல் வந்த அன்று கூரைத் தகரம் ஒன்று மசூரின் வலது கையை வெட்டிக்கொண்டு போனது. அதே தண்ணீர் மகள் சுபைறாவுக்கென்று கட்டிய வீட்டையும் கொண்டுபோனது. வீடில்லாமல் மகளைக் கட்டிக்கொடுக்க முடியுமா நம் ஊரில்? சுவர் சுவராகத் திரும்ப எழுப்பினார். யுத்தம் முடிகிற மாதம் கலியாணம். முன்கதவு மட்டும் பாக்கி. அதைத் தன் கையாலேயே செய்ய வேண்டும் என்று நின்றார். இருந்ததோ இடது கை ஒன்று.

அந்த ஒரு கைக்குத் தோதாக, பிள்ளைகள் கேம் விளையாடுகிற ஜோய்ஸ்டிக் ஒன்றை மெசினின் கொம்பியூட்டரில் மாட்டினார். அதிலிருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினால் மெசின் நிற்க வேண்டும். கொம்பியூட்டரோ அப்படியொரு சாமான் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

கல்முனையிலிருந்து கொம்பியூட்டர் கடை ஜவுபர் வந்தார். வயரை மாற்றினார், வயர் குத்துகிற ஓட்டையை மாற்றினார். தன் லெப்டொப்பில் மாட்டினார், வேலை செய்தது. கடைசியில் கொம்பியூட்டருக்குள், எல்லா அனுமதியும் உள்ள அதிகாரியின் பேரில் நுழைந்தார். ஜோய்ஸ்டிக் துள்ளியது.

"காக்கா, சாமான் பழுதில்ல. அதிகாரிட பேர்ல போனா உள்ள உடுறான், உங்கட பேர்ல போனா உடுறானில்ல."

"அங்கயும் செக்பொயின்டா மனே?"

"ஓம். இப்ப உங்கட பேருக்கு அனுமதி குடுத்திரிக்கன். வயரக் கழட்டினா போயிரும். கழட்டினாலும் போகாம உள்ளுக்க ஒரு சட்டம் எழுதணும். ரோட்டு மூட முந்திப் போகணும் காக்கா, நாளைக்கு வந்து எழுதுறன்."

மறுநாள் யுத்தம் முடிந்துவிட்டது என்றார்கள். ரோட்டெல்லாம் பட்டாசு வெடி. ஜவுபரைச் செக்பொயின்டில் ஆமி விடவில்லை. மசூர் காத்திருக்கவில்லை, காலையில் பொத்தான் நன்றாகத்தான் வேலை செய்தது. நடுவில் பூ வைத்த கதவில் பாதியைச் செதுக்கிவிட்டு, பகல் லுஹர் தொழப் போனார். அந்த நேரம் ஒருவர் வந்து, நியூஸ் பார்க்க ஜோய்ஸ்டிக்கின் வயரைக் கழற்றி இன்டர்நெட் டொங்கிளை மாட்டினார். பார்த்து முடித்து வயரைப் பழையபடி மாட்டிவிட்டுப் போனார். பேர் சொல்லமாட்டேன், பாவம், இங்கே குடிக்கிற பிளேன்டீ புரையேறிவிடும்.

மசூர் வந்து பார்த்தார். ஜோய்ஸ்டிக்கில் லைட் எரிந்தது. மெசினை ஓடவிட்டார். அலகு பூவுக்குள் இறங்கும்போது பலகை பிடி கழன்று திரும்பியது. சிவப்பை அமுக்கினார். நிற்கவில்லை. திரும்பவும் அமுக்கினார். கரண்ட் சுவிச் மெசினுக்கு அந்தப் பக்கம். மகளின் கதவு அவர் கண்முன்னே கிழிகிறது. ஜோய்ஸ்டிக்கை எறிந்துவிட்டு இருந்த கையால் பலகையை அமர்த்தினார்.

இதில் ஒரு சொல்லும் இழுக்கவில்லை. விரல்கள் ஐந்தும் போயின. சுபைறாவின் வீட்டில் இன்றைக்கும் அந்தக் கதவுதான்; பூவின் குறுக்கே ஒரு வெட்டு.

பக்கத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த முகம்மது தம்பி கிளாசை டக்கென்று வைத்தார்.

"நான் திருப்பிப் போட்டன்தானே! லைட்டும் எரிஞ்சதுதானே!"

"உன்னக் கழட்டச் சொன்னது ஆரு?" என்றார் முகைதீன்பாவா.

"சட்டம் எழுதாமப் போன ஜவுபரக் கேளு!"

"ஆமி உடாட்டி அவன் பறந்தா வாற?"

"நீயும்தான் நியூஸ் என்ன, நியூஸ் என்னண்டு என்ன அனுப்பின!"

உட்கார்ந்திருந்த வாங்கு கவிழ்ந்தது. ஒருவர் சட்டையை மற்றவர் பிடித்துக்கொண்டார். தினமும் மசூர் காக்காவின் வாயருகே தேத்தண்ணிக் கிளாசைப் பிடிப்பது முகம்மது தம்பிதான். மூலையில் அந்தக் கிளாஸ் ஆறிக்கொண்டிருந்தது. மசூர் காக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.