கிரேன்காரரின் காலை ஊசி

இருபது மாடி உயரக் கூண்டில் உட்கார்ந்து பார்த்தால் கீழே இருக்கும் உலகம் எப்போதும் கொஞ்சம் கனவு போலத்தான் இருக்கும். சத்தம் வராது. தலைக்கவசங்கள் மட்டும் மஞ்சள் பொட்டுகளாக நகரும். அன்று அந்தக் கனவு கிரேன்காரரின் கூண்டுக்குள்ளேயே ஏறி வந்துவிட்டது.

பத்து வருடமாக இன்சுலின் ஊசி போடுகிறார். வேலையிடத்தில் அது அவருடைய மச்சானுக்கு மட்டும்தான் தெரியும். கீழே நின்று வாக்கி-டாக்கியில் கிரேனுக்கு வழி சொல்பவன் அவன். மற்றவர்களுக்குத் தெரிந்தால் கூண்டு வேலை கைவிட்டுப் போய்விடும்.

முதல் ஊசி போட்ட நர்ஸ் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "நல்லா இருக்கற உடம்புல சர்க்கரை ஏறினா கணையம் இன்சுலின் சுரக்கும், இறங்கினா குறைச்சுக்கும். கல்லீரலும் சேத்து வெச்ச சர்க்கரையை எடுத்துக் குடுக்கும். ஊசியில போன மருந்துக்கு நிறுத்தத் தெரியாதுண்ணே. நீங்கதான் நேரத்துக்குச் சாப்பிடணும்."

அன்று காலை ஊசி போட்டாயிற்று. சாப்பிட உட்காரும்போது கான்கிரீட் லாரி முன்கூட்டியே வந்துவிட்டது. ஒரு கான்கிரீட் தொட்டியை மேல்தளத்தில் இறக்கிவிட்டுச் சாப்பிடலாம் என்று ஏறினார். ஒன்று நான்கானது.

ஐந்தாவது தொட்டி அந்தரத்தில் இருந்தபோது உள்ளங்கை வியர்த்தது. வெளிச்சம் பஞ்சு போல மெத்தென்றானது. பயமே இல்லை, சுகமாக இருந்தது. எந்த நெம்புகோல் எதற்கு என்பதுகூட எங்கோ மிதந்து போனது.

"என்ன அத்தான், தொட்டி இப்படி ஆடுது, தாலாட்டா பாடுறீங்க?" என்றது மச்சான் குரல்.

தொட்டிக்கு நேர் கீழே மூன்று பேர். முன்பு இப்படி ஆன இரண்டு முறையும் 'காத்து அடிக்குது' என்று சமாளித்திருக்கிறார். அதே பொய் நாக்கு வரை வந்தது. பொது அலைவரிசை, எஞ்சினியரும் கேட்பார்.

பிரேக்கை மட்டும் போட்டார். "மாப்ள... ஆளுங்கள நகத்து. எனக்குச் சர்க்கரை இறங்குது. இனி நான் எதையும் தொடமாட்டேன்."

"தொடாதீங்க அத்தான். பையில இருக்கற குளுக்கோஸைப் பிரிச்சு வாயில கொட்டுங்க. எல்லாரும் தள்ளுங்கப்பா."

கொட்டிக்கொண்டார். இனிப்பு குடலுக்குள் இறங்கி, ரத்தத்தில் கலந்து, மூளைக்கு ஏறக் கால்மணி நேரம் ஆயிற்று. பொருள்களுக்கு ஒவ்வொன்றாக விளிம்பு திரும்பியது.

"தெளிஞ்சதும் நிதானமா இறங்கி வாங்க," என்றார் எஞ்சினியர். "வேற ஆள் ஏறுவாரு."

"இன்னைக்கு மட்டுமா சார்?"

"இனிமேலும்தான்."

"சரி சார்," என்றார். கனவு கலைந்தாற்போல, தன் குரல் அவருக்கே துல்லியமாகக் கேட்டது.